கடைசி விலை என்ன?

பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு மும்பையிலும் டெல்லியிலும் புனேயிலும் குடியேறியிருக்கும் நம்மில் அநேகருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் எங்கே பிரயாணம் போனாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய நகரத்துப் பொருட்கள். ஊரிலிருந்து திரும்பும்போது அல்வா, கருப்பட்டி, முறுக்கு, ஊறுகாய். அத்தை, சித்தி, அடுத்த வீட்டார், அலுவலக நண்பர் என்று ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று வாங்கியே ஆகவேண்டும். இந்தப் பழக்கம் அன்பினால் உண்டானது. ஆனால் அந்த அன்பைச் செலுத்த நாம் யாருடைய பிரயாசத்தைக் குறைந்த விலைக்குக் கேட்கிறோம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? எனக்கு அந்த யோசனை, தூரதேசத்தில், ஒரு பிரயாணத்தின் கடைசி நாளில்தான் வந்தது. அதை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு உங்களில் சிலருக்கும் வரலாம்; அவர்களுக்கு உதவும் சில விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2023 நவம்பரில், அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் ஒசாகா நகரில் இருந்தேன். பயிற்சி முடிந்ததும் உடன் வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று நாட்கள் கியோட்டோவில் தனியாகத் தங்கினேன். மூன்றாம் நாள் இரவு விமானம். கையில் 20,000 யென் மீதி இருந்தது. அப்போது 100 யென் என்பது நம் பணத்தில் சுமார் 55 ரூபாய். அதாவது, ஏறக்குறைய 11,000 ரூபாய். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு பெயர்கள் எழுதியிருந்தேன். அந்தப் பணத்தை இருபத்திரண்டால் வகுத்துப் பார்த்துக்கொண்டே காலை ஏழு மணிக்கு விடுதியை விட்டுப் புறப்பட்டேன்.

தனியாகச் செல்லும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி நாளில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். கியோட்டோ ரயில் நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் பெட்டக அறைகள் வரிசையாக உள்ளன. ஆனால் இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள் இலைகளைக் காண ஜனங்கள் திரளாக வருவதால், காலை நேரம் கடந்தால் பெரிய அறைகள் கிடைப்பது கடினம். நேரத்தோடே சென்று பெட்டியை வைத்துவிட்டுக் கைவீசி நடந்தால் பாதிக் களைப்பு குறையும்.

மலைச்சரிவில் வாங்கிய விசிறிகள்

கியோட்டோ 794ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானின் தலைநகராயிருந்த பட்டணம். அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் வேலை செய்த நெசவாளரும், குயவரும், விசிறி செய்வோரும், கருமாரும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். கோவில்களுக்கும் அது பேர்பெற்ற ஊர். அவற்றைப் போய்ப் பார்ப்பதும் பாராததும் அவரவர் மனச்சாட்சிக்குரியது. நானோ கடைசி நாளைக் கைத்தொழில் செய்வோருக்கென்றே ஒதுக்கியிருந்தேன்.

முதலில் நகரத்தின் கிழக்கே, மலையடிவாரத்தில் உள்ள சன்னென்சாகா என்னும் படிக்கட்டுத் தெருவுக்குப் போனேன். கல் பாவிய வழி, ஓட்டுக் கூரைகள், மரச்சட்டம் வைத்த பழைய வீடுகள். கண்ணுக்கு மிகவும் இனிமையான இடம். இரு பக்கமும் கடைகள். ஒரு கடையின் வாசலில் மடக்கு விசிறிகள் கூடையில் குவிந்திருந்தன. ஒன்றின் விலை 400 யென். பூக்களும் மலையும் வரைந்த அழகான விசிறிகள். பட்டியலில் பத்துப் பேர் தீர்ந்தார்கள் என்ற மகிழ்ச்சியில் பத்தையும் வாங்கிவிட்டேன்.

சற்றுத் தூரம் இறங்கி ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒன்றை விரித்துப் பார்த்தபோதுதான், உறையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கவனித்தேன். அது வேறொரு நாட்டில் இயந்திரத்தில் செய்யப்பட்டு இறக்குமதியான பொருள்! கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. எழுத வேண்டியதை எழுதித்தான் வைத்திருந்தார். வாசிக்க வேண்டியவள் நான். விலையை மாத்திரம் வாசித்தேன்.

பெயர் எழுதாத குயவர்

மனம் சோர்ந்து அந்தச் சரிவில் இறங்கி, கோஜோசாகா என்னும் குயவர் பகுதிக்கு வந்தேன். பெரிய சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கவாய் கான்ஜிரோ என்பவரின் வீடு இருக்கிறது. அவர் 1890இல் பிறந்து 1966இல் மறைந்த புகழ்பெற்ற குயவர். தாமே வடிவமைத்து 1937இல் கட்டிய அந்த மரவீட்டை, 1973 முதல் குடும்பத்தார் நினைவகமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். அவர் செய்த நாற்காலிகளில் வருகிறவர்கள் உட்காரலாம். காலை பத்து மணிக்குத் திறக்கும், திங்கட்கிழமை விடுமுறை.

வீட்டின் பின்புறத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நிலத்தின் சரிவில் படிப்படியாக ஏறிச்செல்லும் பெரிய செங்கற்சூளை. ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு அறைகள். கீழே விறகு மூட்டினால் அனல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஏறிச் செல்லும். ஒரே குயவர் அத்தனை அறைகளையும் நிரப்ப முடியாதாகையால், அக்கம்பக்கத்தாரும் பங்கிட்டுக்கொண்டு தங்கள் பாத்திரங்களைச் சுட்டார்கள். நகரம் வளர்ந்து, காற்றைக் காக்கப் புகைக்குக் கட்டுப்பாடு வந்தபின், அந்தப் பகுதியின் விறகுச் சூளைகள் அணைந்துபோயின. இன்று அங்குள்ளவர்கள் மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ சுடுகிறார்கள்.

கவாயும், அவருடைய நண்பர்களான யானாகி சோயெத்சு, ஹமாதா ஷோஜி ஆகியோரும் 1925இல் "மிங்கேய்" என்று ஒரு புதிய சொல்லை உண்டாக்கினார்கள். ஜனங்களின் கைத்தொழில் என்பது அதன் பொருள். சாதாரண மக்கள் அன்றாடம் புழங்க, பெயர் தெரியாத கைவினைஞர் செய்யும் சட்டியிலும் கிண்ணத்திலும் கூடையிலும் மெய்யான அழகு உண்டு என்பதே அவர்கள் கொள்கை. அதற்கேற்ப கவாய் தம் பாத்திரங்களில் பெயர் பொறிப்பதை நிறுத்திவிட்டார். சிறந்த கைவினைஞரை "வாழும் தேசியப் பொக்கிஷம்" என்று அரசு கௌரவிக்கும் முறை அங்கே உண்டு. அந்த மேன்மை தம்மைத் தேடி வந்தபோதும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

என் பையில் பத்து விசிறிகள் இருந்தன. அவற்றைச் செய்தவர் பெயரும் எனக்குத் தெரியாது. கவாயின் கிண்ணத்திலும் பெயர் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்லவே! அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால், செய்தவர் பெயரை எழுதாவிட்டாலும், ஒரு மனிதன் அதன் அருகே நீண்ட நேரம் இருந்திருக்கிறான் என்பது தெரிகிறது.

ஒரு தேநீர்க் கிண்ணம்

வெளியே வந்து அந்தப் பகுதியில் நடந்தபோது, ஒரு சிறு கடையின் கதவு திறந்திருந்தது. முன்னறையில் பாத்திரங்கள், பின்னறையில் ஒருவர் சக்கரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி, வயது எழுபது இருக்கலாம், குனிந்து வணங்கி வரவேற்றார். பிடியில்லாத உயரமான தேநீர்க் கிண்ணம் ஒன்று என் கண்ணில் பட்டது. யுனோமி என்பார்கள். சாம்பல் கலந்த நீலப் பூச்சு. இரண்டு கையாலும் பிடித்தபோது உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்தது. விலை 4,800 யென்.

ஊரில் என் தாயாருக்கு விரல்கள் மரத்துப்போகும் வியாதி. எவர்சில்வர் டம்ளரில் சூடு தாங்காமல், முந்தானையைச் சுற்றிப் பிடித்துத்தான் காபி குடிப்பார்கள். அவர்களுக்கு இது ஏற்றது என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, "கடைசி விலை என்ன?" என்று கேட்டேன். நாம் பால் குடித்த நாள் முதல் கேட்டுப் பழகிய கேள்வியல்லவா!

அந்த அம்மையார் திரையை இருமுறை வாசித்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது. பிறகு ஏதோ புரிந்தவராகத் தலையசைத்து, மேசைக்குக் கீழிருந்து ஒரு கூடையை எடுத்தார். அதில் சூளையில் சிறு குறை ஏற்பட்ட கிண்ணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பூச்சு விலகிய இடத்தை விரலால் காட்டி, 1,500 யென் என்று எழுதினார். பின்பு தம் கைபேசியில் எதையோ தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார். "பிரயாணத்தின் முடிவில் பணம் குறைந்துபோவது இயல்பு. இதிலும் தேநீர் நன்றாக இருக்கும்" என்று அதில் இருந்தது.

பிரியமானவர்களே, எனக்கு முகம் எரிந்தது. அவர் என்னைப் பணம் போதாத பிரயாணி என்று எண்ணிவிட்டார். விலை குறைக்கக் கேட்பதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் பணம் இருந்தது. இருந்தும் கேட்டேன்.

அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது ஜப்பான் அல்ல, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடை. அதே வருடம் மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பாய் நெய்யும் ஒரு தாயாரிடம் ஒரு பாய் வாங்கினேன். கோரையை அறுத்து, உலர்த்தி, மெல்லியதாகக் கிழித்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி, பிறகு தறியில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிற வேலை அது. பேருந்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தி 200 ரூபாய் குறைத்து வாங்கினேன். மும்பைக்குத் திரும்பி, அந்த இருநூறு ரூபாயைப் பற்றிப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அங்காடியில் ஒட்டிய விலைச்சீட்டுக்கு ஒரு வார்த்தை பேசாமல் பணம் கட்டுகிற நாம், கையால் செய்தவரின் முகத்தைப் பார்த்து மாத்திரம் ஏன் பேரம் பேசுகிறோம்?

நான் நீலக் கிண்ணத்தை 4,800 யென்னுக்கே வாங்கினேன். குறையுள்ள கிண்ணத்தையும் எனக்காக வாங்கிக்கொண்டேன். அந்த அம்மையார் இரண்டையும் காகிதத்தில் சுற்றி, கடை வாசல்வரை வந்து வழியனுப்பினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

ஜப்பானில் கடைகளில் பேரம் பேசும் வழக்கம் பொதுவாக இல்லை. அன்பளிப்புக் காசும் கொடுப்பதில்லை. பணத்தைக் கையில் திணிக்காமல் அதற்கென வைத்திருக்கும் சிறு தட்டில் வைக்க வேண்டும். சிறு கடைகள் சிலவற்றில் ரொக்கம் மாத்திரமே வாங்குவார்கள். பாத்திரத்தைத் தொடுமுன் ஜாடையாலாவது அனுமதி கேட்டு, இரு கையாலும் எடுங்கள்.

கைவேலையை அறிய ஒரு வழி உண்டு. 1974இல் மரபுக் கைத்தொழில்களுக்காக அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அன்றாட வாழ்வில் புழங்கும் பொருளாயிருக்க வேண்டும். முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும். முறை சுமார் நூறு ஆண்டாவது தொடர்ந்திருக்க வேண்டும் என்பன போன்ற விதிகளுக்கு உட்பட்டவற்றை அரசு அங்கீகரிக்கிறது. இதுவரை 240க்கும் மேற்பட்ட தொழில்கள் அவ்வாறு அங்கீகரிக்கப்பட்டுள்ளன. கியோட்டோவின் மட்பாண்டமும் அவற்றுள் ஒன்று. அப்படிச் சோதித்துத் தேர்ந்த பொருட்களில் சிவப்பு வட்டத்தோடு கூடிய ஒரு முத்திரைச் சீட்டை ஒட்டுவார்கள். ஆனால் சீட்டு இல்லாததெல்லாம் போலி அல்ல. தனியாக வேலை செய்யும் அநேகர் அதை ஒட்டுவதில்லை. ஆகவே உங்கள் கண்ணையும் பயன்படுத்துங்கள். மட்பாண்டமானால் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். பூச்சில்லாத அந்த இடத்தில் மண்ணும், சீவிய கருவியின் தடமும் தெரியும். அரக்குப் பூச்சுக் கிண்ணமானால் சீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது மரமா பிளாஸ்டிக்கா என்பது அதில் எழுதியிருக்கும்.

அங்கீகரிக்கப்பட்ட இந்தத் தொழில்களில் 1970களின் இறுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் குறைவு. பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை என்ற துயரம் செல்வமுள்ள தேசத்திலும் உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன்.

மீதிப் பட்டியல்

பட்டியலில் இன்னும் அநேகர் இருந்தார்களே என்கிறீர்களா? காமோ ஆற்றின் பாலத்தைக் கடந்து நகரத்தின் நடுவே உள்ள நிஷிக்கி சந்தைக்குப் போனேன். சுமார் 400 மீட்டர் நீளமுள்ள, கூரை வேய்ந்த குறுகலான சந்து. கடைகள் நூற்றுக்கு மேல். அங்கே 1560இல் வாள் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய அரித்சுகு என்னும் கடை இன்று சமையற் கத்திகள் விற்கிறது. வாங்குகிறவர் பெயரைக் கத்தியில் சிற்றுளியால் பொறித்துத் தருகிறார்கள். நான் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. வாங்குவோர் அதை விமானத்தில் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

தெனுகுய் என்னும் பருத்தித் துண்டு மூன்று வாங்கினேன். நம் ஊர்த் துண்டைப் போலவே முகம் துடைக்க, தலையில் கட்ட, பொருளை முடிந்துகொள்ள உதவும். ஓரம் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள்; அதனால் சீக்கிரம் உலரும். சாயத்தை அடுக்கிய துணியின் ஊடே ஊற்றிச் செய்யும் பழைய முறையில் ஆனதென்றால், இரு பக்கமும் ஒரே நிறமாயிருக்கும். திருப்பிப் பார்த்து வாங்கலாம். பாரமில்லை, உடையாது.

அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும், அரிசி மாவும் இலவங்கப்பட்டையும் சேர்த்துச் செய்யும் யாத்சுஹாஷி என்னும் பலகாரம் இரண்டு பெட்டி. மிருதுவான வகை சில நாட்களே தாங்கும். தூரம் போகிறவர்கள் சுட்ட, மொறுமொறுப்பான வகையை வாங்குவது நல்லது. ஆளுக்கொரு பொருள் என்று கணக்குப் பார்ப்பதைவிட, ஒரு பெட்டியைத் திறந்து எல்லாருமாய்ச் சாப்பிடுவதில் அன்பு குறைந்துபோவதில்லை.

வரிச் சலுகையைக் குறித்து ஒரு குறிப்பு. பதிவு பெற்ற கடையில் ஒரே நாளில் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கும் வெளிநாட்டுப் பிரயாணிக்கு வரிச் சலுகை உண்டு. கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல், கடையில் முழு விலையும் செலுத்தி, புறப்படும்போது சுங்கச் சோதனைக்குப் பின் வரியைத் திரும்பப் பெறும்படி அந்நாட்டு அரசு முறையை மாற்றியிருக்கிறது. ஆகவே வாங்கிய பொருட்களை எளிதில் எடுத்துக்காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு நேரத்தோடே போய்ச்சேருங்கள். கியோட்டோவிலிருந்து கான்சாய் விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் சுமார் 80 நிமிடம் ஆகும். கிண்ணங்களைத் துணிக்குள் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

வீட்டில்

விசிறிகளை "ஜப்பானில் செய்தது" என்று சொல்லி ஒருவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லி, எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நீலக் கிண்ணத்தை அடுத்த மே மாதம் ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். "குடிக்கத்தானே அம்மா அதைச் செய்தார்கள்" என்று எடுத்து, காபி ஊற்றிக் கையில் கொடுத்தேன். முந்தானை இல்லாமல் இரு கையாலும் பிடித்துக் குடித்தார்கள். "சூடு கைக்கு இதமாத்தான் இருக்கு" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே பத்தமடைக்குப் போனேன். அதே தாயார். என்னை அவருக்கு நினைவில்லை. ஒரு பாயின் விலை கேட்டேன், சொன்னார். நான் பேசாமல் பணத்தை எண்ணி நீட்டினேன். அவர் வாங்கி, என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார் போலும். பிறகு தாமாகவே ஐம்பது ரூபாயைத் திருப்பி நீட்டி, "வச்சுக்கோ தாயி, எல்லாரும் குறைச்சுத்தானே கேப்பாங்க" என்றார்.

கேட்காமலே குறைக்கும்படி அவரைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஐம்பது ரூபாயை அவர் கையிலேயே வைத்து மூடினேன்.

அன்பான வாசகர்களே, ஜப்பானுக்குப் போக எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், பாய் விற்கிறவரும், பானை விற்கிறவரும், கூடை முடைகிறவரும் உங்கள் எதிரே வருவார்கள். "கடைசி விலை என்ன?" என்று கேட்க வாய் திறக்கும்போது, ஒரு நிமிடம் நின்று, அவர் சொன்னதே கடைசி விலையாயிருக்கட்டும் என்று கொடுத்துப் பாருங்கள்.